ஏழாவது பாடம்

நாற்பத்தாறாவது தடவையாக அதே பாடத்தை நடத்தப் போகிறவளுக்கு உற்சாகம் எங்கிருந்து வரும்? படியேறும்போதே அக்கா களைத்துப்போயிருந்தாள். ஆஸ்பத்திரியின் கூட்ட அறை மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். முட்டிவலிக்காரி நோயாளி இல்லையா என்று கேட்டால் சீட்டு எங்கே என்பார்கள். வாயை மூடிக்கொண்டு ஏறுவதுதான் மரியாதை.

அக்கா என்பது அவள் பெயரில்லை. பயிற்சிக்கு வந்தவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது அலுவலகத்தில் அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். ஒருநாள் புருஷனே வாய்தவறி அக்கா என்று கூப்பிட்டுவிட்டு, இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார்.

வேலை என்னவென்றால், வீட்டில் அடிபட்டும் மிரட்டப்பட்டும் வரும் பெண்களிடம் எப்படிப் பேசுவது, எதைக் கேட்பது, எதைக் கேட்கவே கூடாது, அடுத்து எங்கே அனுப்புவது என்று நர்சுகளுக்கும் போலீஸ்காரர்களுக்கும் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பது. இருபது வருஷமாக அரைத்த மாவு. கேட்கிறவர்கள் நன்றாகத் தலையாட்டுவார்கள், சான்றிதழோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள், மறுநாள் போய்ப் பழையபடியே “குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும்மா” என்பார்கள். சொன்னதை ஒருத்தரும் செய்வதில்லை என்பதுதான் அக்காவின் தீராத புலம்பல். வீட்டில் அதைக் கேட்டுக் கேட்டு மகள் தனி அறைக்கே போய்விட்டாள்.

அன்றைக்கு ஒருநாள் பயிற்சி. மூன்று மாதத்துக்கு முன்னால் இரண்டு நாள் படித்துவிட்டுப் போன இருபத்திரண்டு பேரும் திரும்ப வந்திருந்தார்கள். படித்ததில் எதைச் செய்தார்கள், எங்கே இடறினார்கள் என்று பேசுவதற்கு. மின்விசிறி ஒன்று சுற்றியது, இன்னொன்று சுற்றுவதாகப் பாவனை செய்தது.

“போன தடவை கத்துக்கிட்டதுல என்ன செஞ்சீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க,” என்றாள் அக்கா.

முதலில் மீசை எழுந்தார். காவல் நிலையத்தில் புகார் எழுதுகிறவர். மீசைக்கு ஏற்ற உடம்பு இல்லாததால் மீசைதான் பெயர்.

“முன்னாடியெல்லாம் யாராவது வந்து அழுதா, ஏம்மா புருஷன கோபப்படுத்தறன்னு கேப்பேன். இப்ப கேக்கறதில்ல. வாய் வரைக்கும் வரும். முழுங்கிடறேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். முழுங்கக் கற்றுக்கொண்டாரே, அதுவே பெரிய விஷயம்.

இரண்டு மூன்று பேர் தள்ளி அச்சு உட்கார்ந்திருந்தாள். அவசரப் பிரிவு நர்ஸ். முப்பத்தைந்து வயதிருக்கும். அச்சடித்த மாதிரி எழுதுவாள், அதனால் அச்சு. போன பயிற்சியில் அக்கா இருமியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டவள் அவள் ஒருத்திதான். எழுந்திருக்கும்போதே கையில் பதிவேடு இருந்தது.

“பதினோரு பேரு வந்தாங்கக்கா. பதினோரு பேருக்கும் நீங்க சொன்ன மாதிரி பதினஞ்சாவது நாள் தவறாம போன் பண்ணிட்டேன். கடைசி ஒருத்தருக்கு மட்டும் எந்தக் கட்டத்துல டிக் போடறதுன்னு தெரியல.”

“ஏன், என்ன ஆச்சு?”

“ஒரு ஆம்பள எடுத்தாரு. ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன், அன்னைக்கு வந்து சொன்னாங்களே, அதுக்கப்புறம் வீட்ல எப்படி இருக்குன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்னு சொன்னேன். யாரு வந்தது, என்ன சொன்னான்னு கேட்டாரு. அப்புறம் வெச்சுட்டாரு. மறுபடி பண்ணா ஸ்விட்ச் ஆஃப். ஒன்பது நாளா அப்படித்தான் இருக்கு. தொடர்பு கிடைக்கலன்னு போடவா, பேச விரும்பலன்னு போடவா?”

அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கூட்டத்தில் எல்லாருக்கும் அது படிவம் பற்றிய சந்தேகமாகத்தான் பட்டது.

அக்கா பதிவேட்டை வாங்கி மூடினாள். “டீ குடிச்சுட்டு வந்து பாக்கலாம்,” என்றாள். மணி பத்தேகால்தான் ஆகியிருந்தது. டீ வருவதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

நடந்தது இதுதான். போன பயிற்சியின் இரண்டாம் நாளில் ஆறாவது பாடம், திரும்பக் கூப்பிட வேண்டும் என்பது. வந்த பெண்ணை அப்படியே விட்டுவிடாதீர்கள், பதினைந்தாவது நாள் போன் செய்து விசாரியுங்கள், மறந்துவிடாதீர்கள் என்று அக்கா மேசையைத் தட்டிச் சொன்னாள். ஏழாவது பாடம், எப்படிக் கூப்பிட வேண்டும் என்பது. எந்த நேரத்தில் கூப்பிட்டால் ஆபத்தில்லை என்று அந்தப் பெண்ணிடமே முதலில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், வேறு யார் எடுத்தாலும் தப்பான நம்பர் என்று வைத்துவிட வேண்டும், ஆஸ்பத்திரி என்ற வார்த்தையே வரக்கூடாது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் சிறப்பு விருந்தினர் வந்தார். இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து, பெண் என்பவள் வீட்டின் விளக்கு என்று ஐம்பது நிமிஷம் பேசினார். அதற்குள் மாலை ஐந்தாகிவிட்டது. பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் பையைத் தூக்கிக்கொண்டார்கள். அக்காவுக்கும் முட்டி விண்விண் என்றது. ஏழாவது கையேட்டிலேயே இருக்கு, படிச்சுக்குங்க என்று சொல்லிவிட்டு, எட்டாவதை ஐந்தே நிமிஷத்தில் முடித்துவிட்டாள். கையேடு அப்போது அச்சகத்தில் இருந்தது. இப்போது அலுவலகத்து அலமாரியில் கட்டுப் பிரிக்காமல் இருக்கிறது.

கத்தியைக் கையில் கொடுத்துவிட்டு, பிடி எந்தப் பக்கம் என்று சொல்லாமல் வந்த கதை.

அச்சுவை அக்கா படிக்கட்டுக்குக் கூட்டிப்போனாள். ஆள் நடமாட்டம் இல்லாத இடம் அந்த ஆஸ்பத்திரியில் அது ஒன்றுதான். நோயாளிகளுக்கு மட்டும் என்று எழுதி ஒட்டியிருந்தாலும் மற்ற எல்லாரும் லிஃப்டில்தான் போகிறவர்கள்.

“அந்தப் பொண்ணப் பத்தி சொல்லு. வீடு எங்கன்னு தெரியுமா? வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?”

“விலாசம் இருக்கு. இருபத்தாறு வயசு. புருஷன், இவங்க, இடுப்புல ஒரு கைக்குழந்தை. காது கேக்கலன்னு வந்தாங்க. கன்னத்துல விரல் பதிஞ்சிருந்துச்சு. நீங்க சொன்ன மாதிரியே தனியா உக்கார வெச்சுக் கேட்டேன். முதல்ல சொல்லல. அப்புறம் எல்லாம் சொன்னாங்க.” அச்சு நிறுத்தினாள். அவளுக்குப் புத்தி குறைவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்தாள். “நான் பேசியிருக்கக் கூடாதாக்கா? தப்பு பண்ணிட்டேனா?”

இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். தப்பு உன்னுடையது இல்லை, நான் சொல்லிக்கொடுக்காமல் போனேன் என்று நாலு வார்த்தை. அக்கா சொல்லவில்லை.

“முதல்ல அந்தப் பொண்ணு எப்படி இருக்கான்னு பாப்போம்,” என்றாள்.

அதுவும் ஒரு பதில்தான். கோழையின் பதில்.

“மீசை சார்கிட்ட சொல்லி ஜீப்ப அனுப்பலாமா?” என்றாள் அச்சு. 

“ஜீப் போய் வாசல்ல நிக்கும். அஞ்சு நிமிஷத்துல கிளம்பி வந்துடும். அதுக்கப்புறம் அந்த வீட்டுக்குள்ள அவளோட யாரு நிப்பா?”

அச்சு கொஞ்ச நேரம் யோசித்தாள். “குழந்தைக்கு ஒன்பதாம் மாச ஊசி பாக்கி இருக்கு. பையில ஊசி அட்டை இருந்துச்சு, நானே பாத்தேன்.”

இருபது வருஷ அனுபவக்காரிக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது.

கீழே குழந்தைகள் பிரிவில் ஊசியம்மா இருந்தாள். தேதி தவறிய குழந்தைகளை வீடு வீடாகப் போய்த் தேடிப் பிடிக்கிற வேலை அவளுடையது. ஸ்கூட்டர், தோளில் ஒரு பை, ஓயாத வாய். எந்த வீட்டிலும் அவளை யாரும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. அக்கா அவளிடம் அதிகம் விளக்கவில்லை. இந்த வீட்டுக் குழந்தைக்கு ஊசி பாக்கி, அம்மா எப்படி இருக்கிறாள் என்று கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

“அவகிட்ட எதுவும் கேக்க வேணாம். போன் பேச்சே எடுக்காதீங்க. அவன் வீட்ல இருந்தா…”

“இருபத்தஞ்சு வருஷமா வாசப்படி ஏறி இறங்கறேன். எனக்கே பாடமா?” என்றபடி ஊசியம்மா சாவியை எடுத்துக்கொண்டாள். “நாலு வீடு பாக்கி இருக்கு. அதோட இதையும் பாத்துட்டு வரேன். அவசரமா போனா சந்தேகம் வரும்.”

அதுவும் சரிதான். ஆக, சாயங்காலம் வரை தெரியப்போவதில்லை.

அக்கா மேலே போய்ப் பாடத்தை நடத்தினாள். கை படங்களைத் தள்ளியது, வாய் பேசியது. நாற்பத்தைந்து தடவை சொன்னதை வாய் தானாகவே சொல்லும். மனசு மட்டும் ஏதோ ஒரு தெருவில் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

மதியம் ஒருங்கிணைப்பாளர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பயிற்சிக்கு அறை பிடிப்பது, அறிக்கை எழுதுவது, போட்டோ எடுப்பது எல்லாம் அவள்தான். அச்சு அழுதுகொண்டே கை கழுவியதைப் பார்த்து விசாரித்திருக்கிறாள்.

“அக்கா, இத ஹால்ல பேச வேணாம். எட்டுப் பாடமும் முடிச்சாச்சுன்னு அறிக்கை போயிடுச்சு. நீங்களும் கையெழுத்து போட்டிருக்கீங்க. படிச்சுக்கணும்னு சொன்னோம்ல? அடுத்த வருஷப் பயிற்சியும் நமக்கே கொடுக்கறதா பேச்சு நடக்குது.”

கெட்டவள் இல்லை. வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால்தான் அவளுக்கு வேலை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அக்காவுக்கு அவள்மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும்.

அப்போது புருஷன் போன் செய்தார். பஸ் பணிமனையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். பகலில் வீட்டில் தனியாக இருந்துகொண்டு வருகிற போனையெல்லாம் எடுத்து உபசரிப்பார்.

“யாரோ ஒரு அம்மா வீட்டு நம்பருக்கு உன்னைக் கேட்டுப் பண்ணாங்க. நீ இல்லன்னேன். தயங்கினாங்க. பரவால்ல, எங்கிட்ட சொல்லுங்கன்னு சொல்லி எல்லாத்தையும் கேட்டு எழுதி வெச்சிருக்கேன்.”

“நீங்க ஏங்க கேட்டீங்க?”

“பாவம், அழுதாங்க.”

அக்கா போனை வைத்தாள். நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷன் எடுத்தாலே இந்தக் கதி. பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடினாள்.

மதியத்துக்குப் பிறகு எட்டாவது பாடத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று அட்டவணையில் இருந்தது. அக்கா எழுந்து நின்று புரொஜெக்டரை அணைத்தாள். ஒருங்கிணைப்பாளர் கடைசி வரிசையிலிருந்து வேண்டாம் என்று தலையசைத்தாள்.

“போன தடவை ஏழாவது பாடத்த நான் நடத்தல,” என்றாள் அக்கா. “நேரம் இல்ல, எனக்கும் முடியல, தாண்டிட்டேன். கையேட்டுல படிச்சுக்கச் சொன்னேன். அந்தக் கையேடு உங்க கைக்கே வரல. போன் பண்ணுங்கன்னு சொன்னேன், எப்படிப் பண்ணணும்னு சொல்லல. காலையில ஒருத்தங்க ஒரு சந்தேகம் கேட்டாங்களே, அது படிவத்துல வந்த சந்தேகம் இல்ல. என்னோட தப்பு.”

பிறகு ஏழாவது பாடத்தை நடத்தினாள். படம் எதுவும் இல்லாமல், நின்றபடியே. போன் யார் கையில் இருக்கும்? எந்த நேரம் அவளுக்குத் தோது? வேறு குரல் கேட்டால் என்ன சொல்வது? அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மொத்தம் இருபத்தைந்து நிமிஷம். அவ்வளவு சின்னப் பாடம் அது.

முடித்ததும் மீசை மெல்லக் கையைத் தூக்கினார்.

“அக்கா, நானும் பண்ணியிருக்கேன். ஆறு பேருக்கு. ரெண்டு தடவை ஆம்பளைங்கதான் எடுத்தாங்க. ஸ்டேஷன்லேர்ந்து பேசறேன்னே சொன்னேன்.” கையை இறக்கினார். “மரியாதையாத்தான் பேசினேன்.”

“வேற யாரெல்லாம்?” என்று கேட்டாள் அக்கா. கேட்டிருக்க வேண்டாம்.

கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஆம்புலன்ஸ்காரர், விடுதிக் காப்பாளர், பிரசவ வார்டு நர்சுகள் மூன்று பேர். பதினாலு கை. சொன்னதை ஒருத்தரும் செய்வதில்லை என்று இருபது வருஷம் புலம்பினாளே, இந்தக் கூட்டம் செய்திருக்கிறது. ஒரு வார்த்தை பிசகாமல் செய்திருக்கிறது. அக்கா ஒரு வெற்றுத் தாளை எடுத்தாள்.

ஒவ்வொருவரிடமும் பேசி, எந்தப் பெண்ணை யார் வழியாக, எந்தச் சாக்கில் போய்ப் பார்ப்பது என்று எழுதிக்கொள்வதற்குள் மணி மூன்றரை ஆகிவிட்டது. அச்சு வெளியே வராந்தாவுக்கு வந்ததும்தான் வாயைத் திறந்தாள்.

“காலையிலயே படியில கேட்டேனேக்கா, நான் தப்பு பண்ணிட்டேனான்னு. அப்பவே சொல்லியிருக்கலாம்ல? நாலு மணி நேரமா செத்துட்டேன்.”

“சொல்லியிருக்கணும்,” என்றாள் அக்கா.  மன்னிப்புக் கேட்கலாம், கேட்டால் அச்சு பரவாயில்லை என்று சொல்ல வேண்டிவரும். அந்தச் சுமையையும் அவள் தலையில் ஏற்ற வேண்டாம் என்று சும்மா இருந்துவிட்டாள்.

நாலு மணிக்கு ஊசியம்மா வந்தாள். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. ஓயாத வாய் ஓய்ந்திருந்தது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, பையைக் காலடியில் வைத்தாள்.

“இருக்கா,” என்றாள்.

அச்சு சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“அவன் வாசல்லயே உக்காந்திருந்தான். ஊசி தேதி தாண்டிடுச்சுப்பா, அட்டையக் காட்டுங்கன்னேன். அவளைக் கூப்பிட்டான். வலது கையத் துணியில கட்டித் தொங்கவிட்டிருக்கா. ஆளு பாதியாயிட்டா. மணிக்கட்டுக்கு மேல கை கோணியிருக்கு. ஒன்பது நாளா அப்படியே இருக்கு. யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போகல. என்னாச்சுன்னு நான் கேக்கல. கேட்டுத்தான் தெரியணுமா?”

“எதாவது சொன்னாளா?” என்றாள் அக்கா.

“அட்டை தேடற சாக்குல உள்ள போனப்ப ஒரு நிமிஷம் கெடச்சுது. கைய வந்து காட்டிக்கயேம்மான்னேன். அந்த ஆஸ்பத்திரியில பேரு எழுதறாங்க, எழுதிட்டு வீட்டுக்குப் போன் பண்றாங்க, வரமாட்டேன்னா. வலிக்கலன்னு வேற சொல்றா.” ஊசியம்மா அச்சுவின் பக்கம் பார்க்காமல் சொன்னாள். “வெளிய வந்து அவன்கிட்ட பேசினேன். நாளைக்குப் பத்து மணிக்குக் குழந்தைய ஊசிக்கு அனுப்பு, இவ கைக்கும் ஒரு கட்டு போட்டு விடறேன், இல்லன்னா உனக்கு யாரு சமைப்பான்னேன். ஒன்பது நாளா கடையில வாங்கித்தான் சாப்பிடறான் போல. சரின்னுட்டான். அவகிட்ட, பேரு எழுத மாட்டாங்க, நான் பொறுப்புன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அதுக்குத்தான் தலையாட்டினா.”

 உயிரோடு இருக்கிறாள். நாளைக்கு வருவாள். வந்தபிறகு அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளையே கேட்கலாம். ஆனால் முதலில் அந்தக் கை.

“எலும்பு உடைஞ்சிருக்கு. எக்ஸ்ரே எடுக்காம கட்டு போட மாட்டாங்க,” என்றாள் அச்சு. “சீட்டு இல்லாம எக்ஸ்ரே எடுக்க மாட்டாங்க. சீட்டுல பேரு வேணும்.” பிறகு அவளே சொன்னாள். “என் பேர்ல போட்டுக்கறேன்.”

“நீ இங்க சம்பளம் வாங்கறவ. தெரிஞ்சா வேலை போயிடும். என் பேரப் போடு.”

“உங்களுக்கு என்ன வயசுக்கா?”

“ஐம்பத்திரண்டு.”

“அந்தப் பொண்ணுக்கு இருபத்தாறு. எலும்பப் பாத்தாலே வயசு தெரிஞ்சுடும்.”

“தெரிஞ்சு கேட்டா நான் வந்து பதில் சொல்லிக்கறேன். போடு.”

அச்சு கீழே போய் ஒரு வெற்றுச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். பெஞ்சில் ஊசியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்கால்மேல் வைத்து எழுதினாள். அக்காவின் முழுப் பெயரைக் கேட்டாள். இத்தனை நாளில் யாரும் கேட்டதில்லை. வயது எழுதினாள். வலது கை என்று எழுதினாள். பேனா நின்றது.

“எப்படி அடிபட்டதுன்னு ஒரு கட்டம் இருக்குக்கா. அதக் காலியா விட்டா வாங்க மாட்டாங்க.”

அந்தக் கட்டத்தில் எந்தப் பதிலைப் பார்த்தாலும் நம்புங்கள், ஒரே ஒரு பதிலை மட்டும் உடனே நம்பிவிடாதீர்கள், கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத் திரும்பக் கேளுங்கள் என்று நாற்பத்தாறு கூட்டத்தில் சொன்னவள் அக்கா.

“குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன்னு எழுது,” என்றாள்.

அச்சு நிமிர்ந்து அவளை ஒருதரம் பார்த்தாள். திரும்ப எதுவும் கேட்காமல் எழுதினாள்.